டயர் கடை இல்லாத மனு

மோதியபோது அங்கே இருந்தவர்கள் மூன்று பேர். ஸ்டியரிங்கில் நான். பக்கத்து சீட்டில் வண்டிக்குச் சொந்தக்காரனான என் அறைத்தோழன். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். எதிர் வண்டியில் தனியாக ஒரு பெண்மணி. இல்லாதவர்கள் பட்டியல் இதைவிட நீளம். எனக்கு வழிவிட்டு லைட்டை அடித்துக் காட்டிய லாரிக்காரர் வரிசை நகர்ந்ததும் போய்விட்டார். போலீஸ் வரவில்லை, யாருக்கும் காயம் இல்லையென்றால் பெயரையும் நம்பரையும் மாற்றிக்கொண்டு போங்கள் என்று போனிலேயே முடித்துவிட்டார்கள். எங்கள் வண்டிக்கு இன்சூரன்ஸும் இல்லை. இந்த நாட்டில் அது கட்டாயமில்லை என்பதால், "அடுத்த சம்பளத்துல போட்ருவோம் மாப்ள" என்று அவன் சொல்லிச் சொல்லியே ஏழு சம்பளம் வந்து போயிருந்தது.

நாங்கள் இருவரும் இந்தியாவிலிருந்து வந்து ஈஸ்ட் டாமாக்கி என்ற பகுதியில் ஒரு குடோனில் வேலை பார்த்தோம். மூன்றரைக்கு ஷிப்ட் முடியும். குடோன் வாசலிலிருந்து நாங்கள் குடியிருக்கிற பாபடோயிட்டோய் திரும்ப வேண்டுமென்றால் வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். அதுதான் தினசரி வேதனை. பக்கத்துப் பாதையில் வலப்புறமிருந்து வருகிற வண்டிகளைக் கடக்க வேண்டும்; பிறகு இடப்புறமிருந்து வருகிறவர்களோடு போய்ச் சேர வேண்டும். இரண்டு பாதைகளுக்கும் நடுவே ஒரு வண்டி அகலத்துக்கு வெள்ளைச் சாய்கோடுகள் போட்ட பட்டை ஒன்று ஓடுகிறது. சட்டப் புத்தகத்தில் அதற்கு ஃபிளஷ் மீடியன் என்று பெயர். நாங்கள் நடு லேன் என்போம். வலப்பக்கம் திரும்புகிறவர்கள் அதில் ஒதுங்கி நிற்கலாம். என்னைப் போல வாசலிலிருந்து வெளியே வருகிறவர்களும் பாதித் தூரம் வந்து அதில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

அன்று வரிசை அசையவேயில்லை. லாரிக்காரர் எனக்காக இடைவெளி விட்டு லைட்டை அடித்தார். நான் கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டு லாரியின் மூக்கை ஒட்டி மெல்ல நகர்ந்தேன். லாரி மறைத்ததால் நடு லேனில் வலப்புறமிருந்து யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதால் யாரும் வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் பம்பர் போய் ஒரு வெள்ளி நிற வண்டியின் இடப்பக்கக் கதவில் இறங்கியது.

பெரிய சத்தமில்லை. தகர டப்பாவை மிதித்தது போல இருந்தது. அறைத்தோழன் கண் விழித்து முதலில் கேட்டது, "வீடு வந்துருச்சா?"

நான் இறங்கி ஓடினேன். ஆங்கிலத்தில் சாரி, சாரி, ஆர் யூ ஓகே என்று நான் அடுக்க, அவரும் ஆங்கிலத்தில் ஓகே, ஓகே என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்து நசுங்கிய கதவை இழுத்துப் பார்த்தார். அது திறக்கவில்லை. "யேசுவே, இண்டைக்கெண்டு பார்த்து!" என்றார்.

நான் நின்றுவிட்டேன். "அக்கா, தமிழா?"

"ஓம் தம்பி. நீங்கள் இந்தியாவோ?"

அந்த ஒரு நிமிடத்தில் விபத்து வேறு ஏதோவாகிவிட்டது. சண்டை போடவும் முடியாது, சட்டம் பேசவும் முடியாது. அவர் மன்னார்க்காரர். எதிர்ப்புறம் நூறு மீட்டர் தள்ளி இருக்கிற ரெஸ்ட் ஹோமில் நாலு மணி ஷிப்ட். முதியவர்களைக் கழுவித் துடைத்துச் சாப்பாடு கொடுக்கிற வேலை. பேசிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் உந்த டயர் கடையடியிலேயே நடுவுக்கு ஏறிட்டன் தம்பி. லைன் அசையேல்ல. ஒவ்வொரு நாளும் நான் அப்பிடித்தான் வாறது. நீங்கள் லொறிக்குப் பின்னால இருந்து இப்பிடி வருவியளெண்டு ஆர் கண்டது?"

டயர் கடை எங்கள் வாசலுக்கு வெகு தூரம் முன்னாலேயே இருந்தது. அந்த வார்த்தைகள் காதில் விழுந்தன. ஆனால் மண்டையில் ஏறவில்லை. நான் அவருடைய கதவில் விழுந்த பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பர் மாற்றிக்கொண்டோம். போட்டோ எடுத்தோம். அறைத்தோழன் எங்கள் வண்டியின் உடைந்த ஹெட்லைட் துண்டுகளைப் பொறுக்கித் தன் லஞ்ச் டப்பாவில் போட்டுக்கொண்டான். "பசை பூசி ஒட்டிரலாம்" என்றான். ஒட்ட முடியாது என்று அவனுக்கும் தெரியும்.

இரண்டு நாள் கழித்து அந்த அக்கா போன் செய்தார். இன்சூரன்ஸில் படிவம் அனுப்பியிருக்கிறார்கள், நடந்ததை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். "எனக்குக் கதைக்கேலும் தம்பி, எழுத வராது. மகனிட்டக் கேட்கேலாது, நிண்ட காரில ஆரோ இடிச்சிட்டுப் போனதெண்டுதான் அவனுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். போன வருசம் கார் பார்க்கில ஒரு தூணில முட்டினதுக்கே அவன் சொன்னவன், இன்னொருக்கா நடந்தா திறப்பைத் தந்திட வேணுமெண்டு. நீங்கள் படிச்ச பிள்ளைதானே. ஒருக்கா வந்து எழுதித் தாங்கோவன்."

திறப்பு என்றால் அவர் ஊர்த் தமிழில் சாவி. நான் சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று பிற்பாடு பல நாள் யோசித்தேன். யோசிக்க ஒன்றுமில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவர், கைநாட்டு. எனக்குப் பத்து வயதானபோதே எங்கள் தெருவுக்கு எழுத்து வேலை முழுக்க என்னிடம் வந்துவிட்டது. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, மின்சார மீட்டர் ஓடவில்லை என்று சொல்ல, முதியோர் பென்ஷனுக்கு, வங்கியில் சலான் நிரப்ப. யார் வந்து திண்டாடி நின்றாலும் கை தானாகப் பேனாவைத் தேடும். கல்லூரியில் சேரும்போது முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. அந்த மனுவையும் நானேதான் எழுதி, அப்பாவின் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினேன்.

"ஏன்டா, ஒன் எதிராளிக்கு நீயே பெட்டிஷன் எழுதிக் குடுக்கப் போறியா?" என்று அறைத்தோழன் கேட்டான்.

"எதிராளி என்னடா, பாவம் அந்த அக்கா."

"அவங்க பாவந்தான். அவங்க இன்சூரன்ஸ் கம்பெனி பாவமா?"

அவர் வீடு பாபடோயிட்டோயில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. மகன் வேலைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து வரச் சொல்லியிருந்தார். தேத்தண்ணியும் சுடச்சுட ரோல்ஸும் வைத்தார். நான் அவருடைய போனை வாங்கி, அந்தப் படிவத்தின் பெட்டிக்குள் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன் என்று சொல்ல ஆசைதான். அது உண்மையில்லை. அவர் சுற்றி வளைத்துச் சொன்னார்: காலையில் மகனோடு சண்டை, பிந்திவிட்டது, வரிசை, டயர் கடை, லாரி, நான். நான் அதில் வேண்டியதை எடுத்து வேண்டாததை விட்டேன். அவர் சொல்வதாக நான் எழுதியது இது: வலப்பக்கம் திரும்பும் நோக்கத்துடன், முறைப்படி நடுப்பட்டைக்குள் வந்து, குறைந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். அப்போது லாரியின் மறைவிலிருந்து ஒரு வண்டி திடீரென்று வெளிப்பட்டது. சின்னச் சின்ன வாக்கியங்கள், இடையில் அளவான கமாக்கள். மனு கொடுப்பவருக்கு எதிராகத் திரும்பக்கூடிய ஒரு வரியும் மனுவில் இருக்கக் கூடாது என்பது வருடக்கணக்காக என் கையில் படிந்த பழக்கம். அப்படித்தான் டயர் கடை விடுபட்டது. அந்த வரி யாருக்குச் சாதகமானது என்பதை நான் யோசிக்கவேயில்லை. எழுதும்போது அந்த நாற்காலியில் மோதியவன் உட்கார்ந்திருக்கவில்லை. எங்கள் தெருப் பையன் உட்கார்ந்திருந்தான்.

"வாசிச்சுக் காட்டுங்கோ" என்றார். தமிழில் சொன்னேன். "நல்ல வடிவா எழுதியிருக்கிறியள். வக்கீல் மாதிரி" என்றார். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

என் தரப்பை அந்த இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டபோது நான் எழுதி அனுப்பியது மூன்று வரி. வாசலிலிருந்து வலப்பக்கம் திரும்பினேன். அவரைப் பார்க்கவில்லை. நடந்ததற்கு வருந்துகிறேன்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தவறு முழுவதும் என்னுடையது. அந்த அக்காவின் வண்டியைச் சரிசெய்த செலவு ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது டாலர். அதை நான் கட்ட வேண்டும்.

என் கணக்கில் இருந்தது நாலாயிரத்துச் சொச்சம். அது தங்கை நர்சிங் இரண்டாம் வருடம் போவதற்கு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய இரண்டாவது ஆள் அவள். ஃபீஸ் கட்டக் கடைசி நாளுக்கு ஐந்து வாரம் இருந்தது. ஐந்து வாரத்துக்குள் இந்தத் தவறு என் தலையிலிருந்து இறங்க வேண்டும், அல்லது பாதியாவது இறங்க வேண்டும். அதைத் தவிர வேறு நினைப்பில்லை.

உட்கார முடியவில்லை. குடோனில் பெட்டி எடுக்கும்போது தப்புத் தப்பாக எடுத்தேன். பல் தேய்க்கும்போது போனில் சாலை விதிகளைப் படித்தேன். வாசலிலிருந்து வெளியே வருகிறவன், சாலையில் இருக்கிற எல்லாருக்கும் வழிவிட வேண்டும். நடு லேனில் இருக்கிறவருக்கும் சேர்த்துத்தான். லாரிக்காரர் லைட் அடித்ததற்கு மதிப்பே கிடையாது. அவர் தன் பாதையை மட்டும்தான் எனக்குத் தர முடியும், அடுத்த பாதையைத் தர அவர் யார்? அதுவரை என் தப்புதான், வாதாட இடமில்லை. ஆனால் அதற்குக் கீழேயே இன்னொன்றும் இருந்தது: திரும்பப் போகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒதுங்கத்தான் நடு லேன், வரிசையைத் தாண்டிப் போவதற்கான பாதையில்லை அது.

அந்த வரியைப் படித்தபோதுதான் டயர் கடை மண்டையில் ஏறியது.

சனிக்கிழமை மழைத் தூறலில் தனியாகப் போனேன். டயர் கடையிலிருந்து எங்கள் குடோன் வாசல் வரை நடைபாதையில் காலடி எண்ணிக்கொண்டு நடந்தேன். நூற்று அறுபத்தெட்டு. நம்பிக்கையில்லாமல் திரும்பி எண்ணினேன். நூற்று எழுபத்தொன்று. மூன்றாவது முறை எண்ணும்போது டயர் கடைக்காரர் வெளியே வந்து, என்ன தொலைந்துவிட்டது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவரிடம் கேமரா இருந்தது. ஆனால் பத்து நாளுக்கு மேல் அதில் எதுவும் தங்காதாம்.

திங்கட்கிழமை இடைவேளையில் இன்சூரன்ஸுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் மிகவும் பொறுமையாகப் பேசினார். அந்த வண்டி வெகு தூரம் நடு லேனில் வந்தது என்றேன். நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை. உங்களுடன் வந்தவர் பார்த்தாரா? தூங்கிக்கொண்டிருந்தார். சற்றுப் பொறுங்கள் என்றவர், எங்கள் வாடிக்கையாளர் தெளிவாக எழுதியிருக்கிறாரே என்று வாசிக்கத் தொடங்கினார்.

வலப்பக்கம் திரும்பும் நோக்கத்துடன், முறைப்படி, குறைந்த வேகத்தில்.

என் கமாக்களில் நின்று நின்று வாசித்தார். மிகத் தெளிவான வாக்குமூலம், இதை மறுக்க உங்களிடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். நன்றி எதற்கு என்று தெரியவில்லை.

"என்னாச்சு?" என்றான் அறைத்தோழன்.

"நான் எழுதுனத எனக்கே படிச்சுக் காட்டுறாங்கடா."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். முடியவில்லை அவனுக்கு, பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "அந்த அக்கா ஒன்கிட்ட டயர் கடைன்னு சொன்னத நானும் கேட்டேன் மாப்ள. ஆனா நான் சொன்னா நம்புவாய்ங்களா? தூங்குன பய. அவங்க சொன்னாத்தான் உண்டு. போய்க் கேளு."

இரண்டு மாலை அவர் வீட்டுப் பக்கம் போய்த் திரும்பி வந்தேன். என்னவென்று கேட்பது? நான் உங்களுக்காக எழுதியதை எனக்காக மாற்றுங்கள் என்றா? அவர் மாற்றப் போனால் நடந்தது மகனுக்குத் தெரிந்துவிடும், திறப்பை வாங்கிவிடுவான். திறப்பு போனால் இரவு பத்தரைக்கு ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வர அவருக்குப் பஸ் கிடையாது. மூன்றாம் நாள் கதவைத் தட்டிவிட்டேன்.

கடிதத்தை நீட்டினேன். படித்துக் காட்டச் சொன்னார். தொகையைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்தார்.

"நீங்கள் கட்டுறதோ? இன்சூரன்ஸ் இல்லையோ?"

"இல்லக்கா."

"ஐயோ. நான் நினைச்சன், ரெண்டு கொம்பெனியும் தங்களுக்குள்ள பார்த்துக்கொள்ளுமெண்டு."

"அக்கா, அன்னிக்கு நீங்க டயர் கடைகிட்டயே ஏறிட்டேன்னு சொன்னீங்க."

"ஓம், சொன்னனான். பிறகு எழுதேக்கயும் சொன்னனான்தானே?" என்றவர் சட்டென்று என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, நீங்கள் அதை எழுதேல்லையோ?"

"விட்டுட்டேன்."

"ஏன் விட்டனீங்கள்?"

"உங்களுக்குப் பாதகமா வந்துரும்னு."

திட்டுவாரோ என்று நினைத்தேன். "உங்களை ஆரப்பா படிப்பிச்சது?" என்றார். போனை எடுத்து என்னிடம் கொடுத்து, இன்சூரன்ஸ் நம்பரைப் போடச் சொன்னார். மகன் வருகிற நேரம் என்று நான்தான் சொன்னேன். "வரட்டும்" என்றார்.

ஸ்பீக்கரில் போட்டார். ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி வைத்தார். ஐ கேம் இன் த மிடில் ஃப்ரம் டயர் ஷாப். நாட் நியர். ஃபார். எவ்ரி டே ஐ கம் லைக் தட். அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது. உங்கள் வாக்குமூலத்தில் இது இல்லையே என்று அந்தப் பெண் கேட்டார். ஐ டோல்ட். ஹி டிட் நாட் ரைட். யார் எழுதவில்லை? இவர் என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, த பாய் என்றார். எந்தப் பையன்?

"த பாய் ஹூ ஹிட் மீ."

எல்லாவற்றையும் மறுபடி சொல்லும்படி அந்தப் பெண் கேட்டார்.

அந்த நேரத்தில்தான் மகன் உள்ளே வந்தான். என் வயதுதான் இருக்கும். உயரமாக, கையில் ஹெல்மெட்டோடு. "மம், ஹூஸ் திஸ்?" என்றான். அம்மா விரலால் பொறு என்று காட்டிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து போனில் சொன்னார், இந்த முறை அவனுக்கும் கேட்கும்படி. அவன் சுவரில் சாய்ந்து நின்று கேட்டான். முடிந்ததும் கையை நீட்டினான். அவர் பையிலிருந்து திறப்பை எடுத்து மேசையில் வைத்தார். அவன் கையில் கொடுக்கவில்லை.

"நாளைக்கு எனக்கு நாலு மணிக்கு வேலை" என்றார் தமிழில். "ஆர் கொண்டே விடுறது எண்டு நீயே யோசி."

அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

அந்தத் திறப்பு ஐந்து நாள் மேசையிலேயே கிடந்ததாகக் கேள்விப்பட்டேன். அவனே தன் வண்டியில் கொண்டுபோய் விட்டு, இரவு அழைத்தும் வந்தானாம். அவனுடைய வேலை இடத்திலிருந்து ஓடிவந்து அந்த வரிசையில் நின்றிருக்கிறான். ஆறாம் நாள், "இனி டயர் கடையடியில ஏறமாட்டன் எண்டு சொல்லு" என்று அவன் ஆங்கிலத்தில் கேட்டதாகவும், தான் அதைச் சொல்லித் திறப்பை எடுத்ததாகவும் அக்கா போனில் சொன்னார். "சின்னப் பிள்ளையைக் கேட்கிற மாதிரிக் கேட்டவன் தம்பி" என்று கொஞ்சம் அழுதார். பிறகு, உங்கட விசயம் என்னாச்சு என்றார்.

என் விஷயம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. பழைய வாக்குமூலத்தை எழுதியது நான்தான் என்று ஒரு கடிதம் கேட்டார்கள். எழுதினேன். இந்த முறை டயர் கடையை முதல் வரியிலேயே போட்டேன். லாரி மறைத்ததையும், பார்க்காமல் நகர்ந்ததையும் இரண்டாவது வரியில். எதையும் வடிவாக எழுதவில்லை. எழுதி முடித்துவிட்டுச் சரிபார்க்கக்கூடப் பயமாக இருந்தது, திருத்திவிடுவேனோ என்று. அதன்பின் தினமும் குடோன் இடைவேளையில் மெயில் பார்ப்பதும், மூடுவதும், மறுபடி பார்ப்பதுமாக இருந்தேன். சாயங்காலம் வாசலில் வலப்பக்கம் ஒடிக்காமல் இடப்பக்கம் திரும்பி, ரவுண்டானாவைச் சுற்றிப் போனோம். பன்னிரண்டு நிமிடம் கூடுதல். அறைத்தோழன் தூங்குவதை விட்டுவிட்டான். "நான் முழிச்சிருக்கேன் மாப்ள, சாட்சிக்கு" என்பான், கொட்டாவி விட்டுக்கொண்டே.

ஃபீஸ் கட்டக் கடைசி நாளுக்கு நாலு நாள் முன்னால் பதில் வந்தது. தவறு ஆளுக்குப் பாதி.

அவர் வண்டிச் செலவில் பாதி என் பங்கு, மூவாயிரத்து நானூற்று இருபது. எங்கள் வண்டிக்குப் பழைய சாமான் கடையில் வாங்கிப் போட்ட ஹெட்லைட், பம்பர், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூற்று அறுபது. அதில் பாதி, ஐந்நூற்று எண்பதை அவர்கள் கழித்துக்கொண்டார்கள். மீதி இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது. வாரம் நாற்பது டாலராகக் கட்ட ஒத்துக்கொண்டார்கள். தங்கையின் ஃபீஸை அன்றைக்கே அனுப்பிவிட்டேன். எதற்கு இவ்வளவு அவசரமாக அனுப்புகிறாய் என்று அவள் கேட்டாள். சும்மாதான் என்றேன்.

முதல் தவணை கட்டிய வெள்ளிக்கிழமை அக்காவுக்குப் போன் போட்டு, அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். பாதித் தவறு என்றாலும் எக்ஸஸ், அதாவது இன்சூரன்ஸ் இருந்தும் அவர் கையிலிருந்து போட வேண்டிய பங்கு, முழுதாகக் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம், ஐந்நூறு டாலர். நான் அந்த இரண்டாவது கடிதத்தை எழுதாமல் இருந்திருந்தால் அவருக்கு அந்த ஐந்நூறு மிஞ்சியிருக்குமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

"இன்சூரன்ஸ்காரங்களுக்கு மொத்தம் எவ்வளவுடா போகுது, ஒன்னோடதும் அந்த அக்காவோடதும் சேத்து?" என்றான் அறைத்தோழன். ரவுண்டானாவில் எங்கள் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். நான் மனதுக்குள் கூட்டினேன், சந்தேகமாக இருந்தது, மறுபடி கூட்டினேன்.

மூவாயிரத்து முந்நூற்று நாற்பது டாலர்.